வீட்டுக்குள் இருக்கும் ஆள்

"யார்கூடங்க பேசிக்கிட்டிருக்கீங்க? பட்டப்பகல்ல எதுக்குத் தாழ்ப்பாள்?"

மனைவி இரண்டாம் முறையாகக் கதவைத் தட்டினாள். உள்ளே ரசீது மடியில் அட்டையை வைத்து, அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். தலையணையில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவசரமில்ல சார், நிதானமா எழுதுங்க. யார் தட்டினாலும் திறக்காதீங்க."

ரசீது என்பது அவருடைய பெயரல்ல. பதிவறை எழுத்தரான அவருக்கு அலுவலகத்தார் சூட்டிய பட்டம். டீ குடித்தாலும் ரசீது கேட்பார். வீட்டில் அந்தப் பழக்கம் இன்னும் மோசம். மனைவி கால் கிலோ வெங்காயம் வாங்கி வந்தாலும் துண்டுச்சீட்டைக் காட்ட வேண்டும். இத்தனைக்கும் அவள் மருந்துக்கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நின்று சம்பாதிப்பவள். அந்தச் சம்பளம் நேராக அவர் கணக்குக்குப் போய்விடும். புருஷன் பேரில் போவதுதானே முறை என்று அவள் வீட்டார் சொன்னார்கள், அவர் வீட்டார் சொன்னார்கள், கடை முதலாளியும் சொன்னார். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கணக்கில்தான் மகளின் நர்சிங் படிப்புக்கான பணம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும். தவறினால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

போன் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. சளிக்காக விடுப்பு எடுத்து, ரசீது கட்டிலில் படுத்திருந்த நேரம். வங்கியின் பாதுகாப்புப் பிரிவு என்றான் பேசியவன். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பிசகாமல் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்க கணக்குல யாரோ கை வைக்கப் பாக்கறாங்க சார். ஆள் வெளியில இல்ல. உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு."

வேறு வீடாக இருந்தால் இந்த இடத்திலேயே நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பார்கள். ரசீதுக்கோ, பதினெட்டு வருஷமாகத் தான் மனதில் வைத்திருந்ததை ஓர் அதிகாரி ஒப்புக்கொண்டது போல இருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் சார்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தப் பயல் காத்திருந்தான். யார்மேல் சந்தேகம், என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். தேதியோடு இருந்தால் வழக்குக்கு நல்லது என்றான். தேதிக்கா பஞ்சம்? அலமாரியில் பழைய டைரிகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கம் போதாமல் ரசீது தாளைத் திருப்பினார்.

படம் போய்ச் சேர்ந்ததும் குரல் சொன்னது. "இப்ப மொத்தத்தையும் பாதுகாப்புக் கணக்குக்கு மாத்திடலாம் சார். அவங்க கை வைக்கறதுக்குள்ள."

கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மனைவிக்குக் கதவுக்கு வெளியே தூக்கிவாரிப் போட்டது. பாதுகாப்புக் கணக்கு! கடை முதலாளியின் அண்ணன் இதே வார்த்தையைக் கேட்டுத்தான் போன மாதம் உள்ளதையெல்லாம் பறிகொடுத்தார். மருந்து வாங்க வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார்.

"என்னங்க, அது ஏமாத்து! எந்த பேங்குலயும் அப்படி மாத்தச் சொல்ல மாட்டாங்க. முதல்ல போனை வைங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு நாமளே கூப்பிட்டுக் கேப்போம். அஞ்சு நிமிஷம்தான். நெஜமா இருந்தா அவங்களே சொல்லிடப் போறாங்க."

"கேட்டீங்களா சார்?" என்றது குரல். "லைனைக் கட் பண்ண வைக்கப் பாக்கறாங்க. நான் என்ன சொன்னேன்?"

ரசீது பல்லைக் கடித்தார். அவன் சொன்ன கணக்கு எண்ணைப் போனில் போட்டார். 'கணக்கு வைத்திருப்பவர் பெயர் பொருந்தவில்லை. இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று போன் சிவப்பு எழுத்தில் கேட்டது. ரசீது தயங்கினார். தலைப்பெழுத்து ஒன்று மாறியிருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிற மனிதர் அவர்.

"ரகசியக் கணக்கு சார். பேர் மாறித்தான் இருக்கும்."

வெளியே மனைவி வாய்விட்டுக் கெஞ்சத் தொடங்கியிருந்தாள். அவள் இவ்வளவு தவிப்பதற்கு ஏதோ காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று ரசீதுக்குப் பட்டது. பொத்தானை அழுத்திவிட்டார்.

மகள் அதற்குள் பழைய பாஸ்புக்கைத் தேடி வங்கியின் எண்ணைக் கண்டுபிடித்து, கூப்பிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்திருந்தாள். மறுமுனையில் ஒரு பெண் பதமாகத்தான் பேசினாள்.

"கணக்கு யார் பேர்லம்மா இருக்கு?"

"வீட்டுக்காரர் பேர்ல. பணம் என்னோடதும்தாங்க. கொஞ்சம் நிறுத்தி வைங்களேன்."

"அவர்தாம்மா சொல்லணும். அவரைப் பேசச் சொல்லுங்க."

மனைவி போனைக் கதவிடுக்கில் வைத்துக் கத்தினாள். ரசீது அசையவில்லை. கூட்டாளியை வங்கி ஆள் மாதிரிப் பேச வைக்கப் பார்ப்பார்கள் என்று அந்தக் குரல் முன்பே சொல்லியிருந்தது. சற்று நேரத்தில் அவர் போனில் அந்தக் குரல் நின்றது. அவர் திருப்பிக் கூப்பிட்டார், ஒருமுறை, இருமுறை, எட்டுமுறை. பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

அன்று பிற்பகல் மூவரும் வங்கி மேலாளரின் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளரும் ஒரு பெண்தான்.

"பணம் அங்கேர்ந்து நாலு கணக்குக்குப் பிரிஞ்சு போயிடுச்சு சார். எழுதிப் போடறோம். வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அவன்கிட்ட நீங்க பேசினது, அனுப்பினது எல்லாமே புகார்ல வைக்கணும். போனைக் குடுங்க."

"எல்லாமேவா?" என்றார் ரசீது.

"எல்லாமே."

அச்சு இயந்திரம் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. வந்து விழுந்த தாள்களை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டியவள், தன் பெயரைப் பார்த்து நிறுத்தினாள். அப்புறம் முழுக்கப் படித்தாள். புதுச் செருப்பு வாங்கிய நாள் இருந்தது. தம்பி கால் முறிந்து கிடந்தபோது பணம் அனுப்பிய நாள் இருந்தது. மொட்டை மாடியில் பதினொரு நிமிடம் போன் பேசியது இருந்தது. ஒன்பதாவது வரி, அவள் அப்பா இறந்த மறு வாரத்துத் தேதியில், இப்படி இருந்தது: 'குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை.'

மகளும் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

"அவன்தான் மிரட்டி எழுத வெச்சான்," என்றார் ரசீது. "என்னைக் குழப்பிட்டான்."

"பணத்தை அனுப்பச் சொன்னான், அனுப்பினீங்க. எழுதச் சொன்னான், எழுதினீங்க. சரி." அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்தத் தேதியெல்லாமும் அவனா சொன்னான்?"

ரசீது கைக்குட்டையைத் தேடினார். மேலாளர் தன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசைமேல் வைத்தாள்.

"மேடம், எனக்குப் புதுசா ஒரு கணக்கு ஆரம்பிக்கணும். என் பேர்ல மட்டும். இந்த மாசத்துலேர்ந்து சம்பளம் அதுக்குத்தான் வரும்."

மேலாளர் படிவத்தை எடுத்தார். பழக்க தோஷம், அவர் பார்வை ரசீது பக்கம் போனது. "சார்கிட்டயும் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கட்டுமாம்மா?"

"வேணாம் மேடம்," என்றாள் அவள். "அவர் எழுத வேண்டியதையெல்லாம் எழுதிட்டார்."