விமானம் ஏறாத மாப்பிள்ளை

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா ரஹ்மத்துன்னிஸாவோடு உட்கார்ந்து கொரியத் தொடர் பார்ப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். அதிலும் இது பழைய தொடர் ஒன்றை மறுபடி புதிதாக எடுத்தது. பழையதைத் தமிழ் டப்பிங்கில் கரைத்துக் குடித்தவள் அவள். கதாநாயகியின் கால் தடுக்கும் முன்பே, இப்ப விழுவா, அவன் பிடிப்பான் என்பாள். அவளும் விழுவாள், அவனும் பிடிப்பான். உடனே ராத்தா, கதையைத் தானே எழுதிக் கொடுத்தது மாதிரி எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பாள்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே பெண்கள் போய்வர ஒரு கதவு உண்டு. ஞாயிறானால் சாயங்காலம் அஸர் தொழுத கையோடு அதன் வழியாகப் போய்விடுவேன். ராத்தாவின் மூத்த மகள் மர்வா தேநீர் போட, இளையவள் ஹிபா தன் போனிலிருந்து படத்தை டிவிக்கு மாற்றிவிடுவாள். வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று ஹிபா ஒவ்வொரு தடவையும் சட்டம் போடுவாள். சொந்த உம்மாவிடம் அந்தச் சட்டமெல்லாம் செல்லுமா?

பழைய தொடரில் ராத்தாவுக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. கதாநாயகனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைக்கும். ஏர்போர்ட், மழை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் விமானம். கொரியாவில் அது அழுகைக் காட்சியாம். எங்கள் காயல்பட்டினத்துக் கூடத்தில் அன்றைக்கு எல்லோரும், "அல்ஹம்துலில்லாஹ், புள்ளைக்கு விசா வந்துட்டு" என்று நிம்மதியாக மூச்சு விட்டோம். இனி என்ன குறை? பெட்டியோடு திரும்பி வருவான், நிக்காஹ் நடக்கும். அந்த நாயகியும் நம் வீட்டுப் பெண் மாதிரியே பொறுமையாகக் காத்திருந்தாள் என்று ராத்தா இன்றைக்கும் மெச்சுவாள்.

எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வருவார். பெட்டியை இறக்கி வைப்பார், விருந்து சாப்பிடுவார், லீவு முடிந்ததும் அதே பெட்டியோடு வளைகுடாவுக்குப் போய்விடுவார். மர்வாவின் மாப்பிள்ளை இஹ்ஸான் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அந்தக் கல்யாணத்தை ராத்தா அப்படியே ஹிபாவுக்கு மறுபடி எடுக்கப் பார்த்தாள். அதே தரகர், அதே சமையல்காரப் பண்டாரி, அதே பிரியாணி. மாப்பிள்ளை மட்டும் புது ஆள். ஹுதைஃபா, ஷார்ஜா, லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். குறித்த நாளில் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அவன் உம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஹிபா தூத்துக்குடியில் துறைமுகச் சரக்குகளைப் பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தினம் பஸ்ஸில் போய் கன்டெய்னர்காரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்த வீட்டில் என்னோடு இருக்கிற மாப்பிள்ளை வேண்டும், போனில் இருக்கிறவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊரில் கிடப்பவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று ராத்தா கேட்டாள். கேட்டது அவளை, பார்த்தது என்னை. என் வீட்டுக்காரர் மூஸா நெய்னா மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்குகிறவர். அந்தக் குறையை ராத்தா இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கும் அவர் குறட்டைமேல் கோபம்தான், ஆனால் அது பக்கத்தில் படுத்திருப்பவள் படுகிற கோபம்.

பதில் சொல்ல வேண்டிய அன்றைக்குத்தான் புதுத் தொடரில் ஏர்போர்ட் காட்சி வந்தது. ராத்தா முக்காட்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாருங்க, இப்ப ஏறுவான். அவ கண்ணத் தொடச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவா. அதான் குடும்பப் பொண்ணு."

அவன் ஏறவில்லை. டிக்கெட்டை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மழையில் ஓடிவந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். ஹிபா கைதட்டினாள். ராத்தாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கதையைக் கெடுத்துவிட்டார்கள், டிக்கெட் காசு என்னாவது, விசாவுக்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள், இவனுக்கெல்லாம் எந்த உம்மா பெண் கொடுப்பாள் என்று பொரிந்து தள்ளினாள். பழைய கதைதான் கதை, அதில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள்.

மர்வா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் உம்மா? பழைய கதைய நீங்க பாத்தீங்க. அதுல வாழ்றது நான். இந்த வீட்டுக்கு இஹ்ஸானவிட ஏசி மெக்கானிக் அதிகமா வந்துருக்காரு. மெக்கானிக்குக்கு டீயில சீனி எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். இஹ்ஸானுக்கு எவ்வளவுன்னு எனக்கு மறந்து போச்சு."

டிவியில் அவன் இன்னும் நனைந்துகொண்டிருந்தான். ஹிபா அதை நிறுத்தினாள். இத்தனை நாள் அந்தக் கதவு வழியாகப் போய்வந்தும் நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்தா மர்வாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து போனைக் கையில் எடுத்தாள்.

ராத்தா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள், அதனால் எல்லோரும் கேட்டோம். ஸலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள். "எம் மக கூட இருக்கிற மாப்பிள்ளதான் வேணுங்கா. அவள நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஒங்க புள்ளைக்குத் திரும்பிப் போற வேல இருக்கு, நமக்கு ஒத்து வராது."

அந்தப் பக்கம் ஹுதைஃபாவின் உம்மா குரலைத் தாழ்த்தி, ஒரு விஷயத்தை மறைத்துவிட்டோம், அல்லாஹ்வுக்காக மன்னிக்க வேண்டும் என்றாள். வியாதியா, ஏற்கெனவே ஒரு கல்யாணமா என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் லீவுல வரல. வேல, விசா எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு வந்துட்டான். இனி ஊர்லதான் இருப்பேங்கான். வெளிய தெரிஞ்சா எவ பொண்ணு தருவான்னு நிக்காஹ் வரைக்கும் மூடி வச்சோம்."

ஹிபா முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிப்புதான். அப்படியானால் அவரை ஒரு தடவை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று அவளே உம்மாவின் காதில் சொன்னாள். ராத்தா அதை அப்படியே போனில் ஒப்பித்தாள். அவள் அடுத்தவர் வசனம் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் மர்வாவின் போன் அடித்தது. இஹ்ஸானின் வழக்கமான வீடியோ கால். சாப்பிட்டாச்சா, எல்லாரும் சுகமா, என்ன விசேஷம் என்று வழக்கமான வரிசையில் கேட்டார்.

"இங்கன கதைய மாத்திட்டாங்க" என்றாள் மர்வா. "நீங்க எப்ப வாரீங்க? லீவுக்கு வாரதக் கேக்கல."

அவர் சிரித்தார். மர்வா சிரிக்கவில்லை, போனைப் பிடித்தபடி பதிலுக்காக நின்றாள். நான் பழக்கதோஷத்தில் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று அவள் சொல்லவில்லை.