வெள்ளைக் கோடு போடாத படம்

மட்டக்களப்புப் பட்டினத்தில் முப்பது வருடம் படம் பிடித்தவன் நான். அதில் பாதிக்காலம் செத்தவர்களுக்காகவே உழைத்தேன். அடையாள அட்டையில் கிடக்கும் நகத்தளவு முகத்தைக் கொண்டுவந்து, பெரிதாக்கித் தாருங்கள் என்பார்கள். பெரிதாக்கி, கண்ணுக்கு வெளிச்சம் வைத்து, கலைந்த தலையை வாரிவிட்டுக் கொடுப்பேன். ஆர்னோல்ட் கை பட்டால் பிணமும் சிரிக்கும் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அதைக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. தலைக்கனத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதாம். நான் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில் தூங்குகிறவன்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, வீட்டுக்கொரு பிள்ளையைச் சண்டைக்குப் பிடித்துப்போன இயக்கம் இரண்டாக உடைந்தது. சித்திரை வருடப்பிறப்போடு, எங்கள் பக்கத்து முகாம்களில் இருந்த பிள்ளைகளை வீட்டுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். செங்கலடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பஸ்ஸிலும் உழவு இயந்திரத்திலும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சில சாமிமாரும் வாத்திமாரும் பெயரைக் கூப்பிட்டுத் தாய் தகப்பனிடம் ஒப்படைத்தார்கள். நானாகவே போய்க் கேட்டேன். வீட்டுக்கு ஒரு படம், காசு வேண்டாம். வாழ்நாளில் ஒருதடவையாவது திரும்பி வந்தவர்களைப் பிடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

திரும்பி வந்த பிள்ளைகளுக்குப் படத்துக்கு நிற்கத் தெரியவில்லை. கமராவைக் கண்டதும் காலைச் சேர்த்து, கையை இறக்கி, அணிவகுப்பில் நிற்பதுபோல விறைத்தார்கள். “கையத் தளத்து மனே, நான் என்ன உன்ட பொறுப்பாளரா?” என்று ஏசுவேன். தாய்மார்தான் சிரிப்பார்கள். எல்லாப் படத்தின் மூலையிலும் ‘வீடு சேர்ந்த நாள்’ என்று திகதியோடு ஊதா மையில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அந்த முத்திரையை நானே செலவழித்துச் செய்வித்தேன். புத்திசாலி.

பிள்ளைகளை ஒப்படைத்த மூன்று நாளும் சித்தாண்டிச் சின்னத்தங்கம் வந்தாள். புருசன் இல்லாதவள், பிறர் வயல் வட்டையில் கூலிக்குக் களை பிடுங்குகிறவள். கூடவே பதினைந்து வயது மகள் புஸ்பம். கையில் மூத்தவன் மேகராசாவுக்கென்று ஒரு சட்டித் தயிர். அவனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். முதல் நாள் தயிர் புளித்தது, இரண்டாம் நாள் புதுச் சட்டி வந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் கடைசி பஸ்ஸும் வெறுமையானது. அவனை எந்த முகாமில் வைத்திருந்தார்கள் என்று சொல்ல ஒருவருமில்லை. நான் கமராவை மடக்கும்போது அவள் மகளோடு வந்து சுவர் அருகில் நின்றாள்.

“எங்களையும் புடிங்க ஐயா.”

“ஆள் வரல்லயே தங்கச்சி.”

“வருவான். நடுவில அவனுக்கு எடம் விட்டிரிக்கம். நீங்க புடிங்க.”

பிடித்தேன். இரண்டு பேர், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுண்ணாம்புச் சுவர். பிறகு அவள் மடியிலிருந்து மகனின் அடையாள அட்டைப் படத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

ஒட்டுப்படம் எனக்குப் புதிதல்ல. கலியாணப் படத்தில் செத்த தகப்பனைச் சேர்த்து ஒட்டித் தருவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் எனக்கொரு சட்டம் இருந்தது. ஒட்டின ஆளைச் சுற்றி மயிரிழையளவு வெள்ளைக் கோடு விடுவேன். பார்க்கிறவன் ஏமாறக் கூடாது. அந்தக் கோடு என்னவென்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“கோடு போடாதீங்க ஐயா,” என்றாள். “கோடு போட்டா என்ட புள்ள செத்தவன் எண்டுதானே ஆகும்.”

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், செய்து பார்க்கவும் ஆசை வந்துவிட்டது. அதே சுவர், அதே வெயில், அதே உயரம் உள்ள வேறொரு பையனின் படம் என்னிடம் இருந்தது. வந்தாறுமூலைப் பையன், தாயோடு நின்று பிடித்தது. அவன் உடம்பை வெட்டி எடுத்து, அதன்மேல் மேகராசாவின் முகத்தை வைத்தேன். அந்தத் தாய் மகனின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளுடைய விரல்களைத் தூரிகையால் ஒவ்வொன்றாக அழிக்க ஒரு பகல் போனது. ஓரத்தைச் சுரண்டி, ஒட்டி, திரும்பப் படமெடுத்துக் கழுவினேன். என் தொழிலில் அதைவிடத் திறமான வேலை நான் செய்ததில்லை. எல்லோருக்கும் குத்தியதுபோல அதற்கும் முத்திரை குத்தினேன். சின்னத்தங்கமும் அதைத்தான் விரும்பினாள்.

படத்தை வாங்கிக்கொண்டு, சட்டை யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். “அவன் நல்லா இரிக்கட்டும்,” என்றாள்.

ஆடி மாதம் இயக்கத்திலிருந்து திரும்பவும் வந்தார்கள். வீட்டுக்குப் போனவர்களைத் திருப்பி எடுக்க, பெயர்ப் பட்டியலோடு வீட்டுப் படலை படலையாகப் போனார்கள். திரும்பி வந்த பிள்ளைகள் காட்டுக்கும் கொழும்புக்கும் ஓடினார்கள். ஒருநாள் கடை திறக்கும் நேரம் சின்னத்தங்கம் வாசலில் நின்றாள். சேலைத் தலைப்புக்குள் அந்தப் படம்.

“சுவரில கிடந்ததப் பாத்திட்டாங்க ஐயா. திகதியோட வந்து சேந்தவன எங்க ஒளிச்சிரிக்காய் எண்டு கேக்காங்க. ஒட்டுப்படம் எண்டு சொன்னன், கோடு எங்க எண்டு கேட்டாங்க. இண்டைக்கு மத்தியானம் அவன் இல்லாட்டி புஸ்பத்தக் கொண்டுபோறாங்களாம்.” அவள் அழவில்லை. “செஞ்சவர் நீங்கதானே. நீங்க வந்து சொன்னா நம்புவாங்க.”

நம்புவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். என்னிடம் சாட்சி இருந்ததே. நடுவில் வெறும் சுவர் தெரியும் நெகட்டிவை ஓர் உறையிலும், உடம்பு கொடுத்த பையனின் நெகட்டிவை இன்னோர் உறையிலும் போட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சித்தாண்டிக்குப் போனேன்.

நாங்கள் போகும்போது உழவு இயந்திரம் வாசலில் நின்றது. வந்தவர்கள் மூன்று பேர். பேசியவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மரியாதையான பிள்ளை, என்னை இருக்கச் சொல்லிவிட்டுத்தான் தான் இருந்தான். முதல் நெகட்டிவை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து நன்றாகப் பார்த்தான்.

“இதில நடுவில ஆள் இல்லத்தான் ஐயா. ஆனா ஒட்டத் தெரிஞ்ச உங்களுக்கு அழிக்கவும் தெரியுமே.”

“அந்த உடம்பு அவன்ட இல்ல தம்பி. வேற பெடியன்ட.”

“அப்ப அந்தப் பெடியன்ட படத்தக் காட்டுங்க. சட்டையப் பாத்தாத் தெரியும். நாங்க போயிடுவம்.”

பைக்குள் கை போனது. உறையின் மேல் விரல் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். உறையில் என் வழக்கப்படி பெயரும் ஊரும் எழுதியிருந்தேன். பெயரில்லாவிட்டாலும் என்ன, முகமிருக்கிறது, பக்கத்தில் தாய் நிற்கிறாள். வந்தாறுமூலை அங்கிருந்து கூப்பிடு தூரம். கடையிலிருந்து அவ்வளவு தூரம் வந்தும் இந்த மடையனின் மண்டையில் அது ஏறவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு நான் இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்திருந்தேன்.

சின்னத்தங்கம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அது பழுதாப் போச்சு தம்பி,” என்றேன். கையை வெறுமையாக வெளியே எடுத்தேன்.

அவன் நெகட்டிவை என்னிடம் திருப்பித் தந்தான். பிறகு எழுந்து, புஸ்பத்தின் பக்கம் திரும்பி, “வெளிக்கிடுங்க தங்கச்சி,” என்றான்.

சின்னத்தங்கம் அவன் காலில் விழுந்தாள். என்னைக் கொண்டுபோங்க, நான் சமைப்பன், விறகு வெட்டுவன், கிடங்கு கிண்டுவன் என்றாள். அவன் காலை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றான். அவனுக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது, ஆனால் அதனால் யாருக்கு என்ன பயன். புஸ்பம் இரண்டு சட்டையைப் பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். தாயைத் தூக்கி நிறுத்தி, சேலையில் மண்ணைத் தட்டிவிட்டாள். என் பக்கத்தால் போகும்போது மட்டும் மெல்லச் சொன்னாள்.

“அண்ணன் வந்தா, என்னத் தேடி வரவேணாம் எண்டு சொல்லுங்க மாமா.”

உழவு இயந்திரம் போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் நான் முற்றத்தில் நின்றேன். அவள் ஏசுவாள், மண் அள்ளித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் படலையிலிருந்து திரும்பி வந்து, வாசலில் பாயை விரித்தாள்.

“இரிங்க ஐயா. காலத்தால இருந்து ஒண்டும் தின்னல்லயே.”

பாயில் போய் இருந்தேன். சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்தாள். எதிரே குந்தியிருந்து என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“மற்றப் படத்தையும் கொண்டுவந்தீங்கதானே?”

“ஓம் தங்கச்சி.”

 ஒரு கோழி முற்றத்தைக் கிளறிக்கொண்டு வந்தது, அதைத் துரத்தினாள்.

“அந்தப் புள்ளைக்குத் தாய் இரிக்காவா?”

“இரிக்கா.”

அவள் எழுந்துபோய்ப் பானையிலிருந்து இன்னும் இரண்டு அகப்பை சோறு கொண்டுவந்து என் பீங்கானில் போட்டாள். விடியவே அவளும் மகளும் தின்பதற்கென்று ஆக்கிய சோறு. புஸ்பத்தின் பங்கை நான் தின்று முடித்தேன்.