கை மட்டும் கட்டாண்டாம்

சிலுவைதாசன் புது வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்தார். நீளமாக மூன்று துண்டு. ஒன்றால் அண்ணனின் தாடையைத் தூக்கித் தலையோடு சேர்த்துக் கட்டினார். இன்னொன்றால் கால் பெருவிரல் இரண்டையும் பிணைத்தார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு கைப்பக்கம் குனிந்தபோது டெல்சி சொன்னாள்:

“சித்தப்பா, கை மட்டும் கட்டாண்டாம்.”

கோட்டாற்றில் அந்தத் தெருவில் யார் இறந்தாலும் கட்டுப்போட சிலுவைதாசன்தான் வரவேண்டும். முப்பது வருடமாக அவர் கட்டிய கட்டு எதுவும் கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும்வரை நெகிழ்ந்தது கிடையாது. அவர் நிமிர்ந்து அண்ணன் மகளைப் பார்த்தார்.

“என்னட்டி சொல்லுக? கட்டலைன்னா கை ரெண்டும் ரெண்டு பக்கமா விழும். பாடுபட்ட சுரூபத்த எங்ஙன பிடிப்பிக்க?”

“நான் பிடிச்சிருக்கேன்.”

“அடக்கம் சாயங்காலம் நாலு மணிக்காக்கும்.”

“இருக்கட்டும்.”

சுற்றி இருந்த பெண்கள் ஜெபமாலை உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா செத்த துக்கத்தில் டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது டெல்சிக்கே கேட்டது. அவள் அசையவில்லை. அப்பாவின் இரண்டு கைகளையும் நெஞ்சில் கூட்டி வைத்து, நடுவில் சிலுவைச் சுரூபத்தை நிறுத்தி, மேலே தன் கைகளைப் பொத்தினாள். விட்டால் சரிந்துவிடும் என்பது தெரிந்தது.

ஞானதாசன் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். எழுபத்தைந்து வயதில் மறதி நோய் வந்து, மகள் பெயர் போனது, மனைவி செத்துப்போன நினைவும் போனது. வேலை மட்டும் போகவில்லை. எங்கே சுவிட்ச் போர்டைக் கண்டாலும் கழற்றிவிடுவார். வீட்டில் இரண்டு தடவை ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. டெல்சிக்குப் பள்ளிக்கூடம், கணவன் தோஹாவில். பகல் முழுக்க அப்பாவையும் சுவரையும் காவல் காக்க ஆள் கிடைக்கவில்லை. மலையோரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டு சேர்த்தாள்.

சேர்த்த அன்றே ஒரு தாளை நீட்டினார்கள். ‘பாதுகாப்புக்காகத் தேவைப்படும்போது கை, கால்களைக் கட்டிவைக்கச் சம்மதிக்கிறேன்.’ டெல்சி அதை வாசித்தாள். வாசிக்காமல் போட்டேன் என்று மற்றவர்கள் சொல்லலாம், அவள் சொல்ல முடியாது. முழுக்க வாசித்துவிட்டு, நாளை காலை முதல் பீரியட் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள். இதை இன்றுவரை யாரிடமும் அவள் வாய் திறந்து சொன்னதில்லை.

ஐந்து மாதம் கழித்து அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஸ்மிதா. வயது முப்பது இருந்தால் அதிகம். முன்வாசலில் உட்காரவைத்துக் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, நேராகப் பின்னறைக்குப் போயிருக்கிறாள். அங்கே கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஆறு பேர். ஞானதாசனின் மணிக்கட்டில் துணி இறுகி, தோல் உரிந்து, துணியே ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து அவளே அதை அவிழ்த்தாளாம். பதிவு செய்யாத இல்லம், மறதி நோயாளிகளைப் பார்க்கப் பயிற்சி உள்ள ஒருவர்கூடக் கிடையாது, கட்டிப்போட்டதற்கு டாக்டர் எழுத்து கிடையாது. பதினைந்து நாளில் மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதற்கு, அங்கே ஆள் சேர்த்திருந்த பன்னிரண்டு குடும்பமும் ஸ்மிதாவைத்தான் சூழ்ந்துகொண்டது. அதில் முன்னால் நின்று கத்தியது டெல்சி.

“உனக்கென்ன, சட்டம் சொல்லிட்டுப் போயிருவ! எனக்க அப்பாவ உனக்க வீட்ல கொண்டுபோய் வச்சுப் பாரு, அப்பம் தெரியும்!”

கலெக்டருக்கு மனுவும் அவளேதான் எழுதினாள். டீச்சர் இல்லையா, ஒரு ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினாள். ‘எங்கள் பெற்றோர் அங்கு நன்றாகவே பராமரிக்கப்பட்டார்கள்.’

 ஸ்மிதா ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டாள். டெல்சி மூன்று தடவை வெட்டிவிட்டாள். நான்காவது தடவை எடுத்தபோது, “மண்டைக்காட்டுப் பக்கம் பதிவு செஞ்ச எடம் ஒண்ணு இருக்கு டீச்சர். ஒரு கட்டில்தான் ஒழிவு. நாளைக்கே போயிருங்க” என்றாள். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் யாரையும் கட்டுவதில்லை. வேளாங்கண்ணி என்கிற நர்ஸ் முதல் வாரமே உடைசல் எடுக்கும் ஆக்கர் கடையில் பழைய சுவிட்ச் போர்டு ஒன்று வாங்கி, பலகையில் அடித்து, வயர் எதுவும் இல்லாமல் அவர் அறைச் சுவரில் மாட்டினாள். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொடுத்தாள். ஞானதாசன் தினமும் காலையில் அதைக் கழற்றுவார், சாயங்காலம் பூட்டுவார். பூட்டி முடித்து “கரண்டு வந்தாச்சு!” என்று வராந்தாவைப் பார்த்துக் கூவுவார். அங்கே இருக்கிற இருபது பேரும் கை தட்டவேண்டும். தட்டாதவர்களுக்கு மறுநாள் கரண்ட் கிடையாது. இரண்டு வருடம் அவர் டூட்டியில் இருந்தார். நேற்றுச் சாயங்காலமும் பூட்டினார். இன்று விடியக்காலை ஐந்தரைக்கு, வேளாங்கண்ணி கையைப் பிடித்திருக்க, சத்தமில்லாமல் போய்விட்டார்.

உடலோடு வண்டியில் வந்திருந்த வேளாங்கண்ணி இப்போது சிலுவைதாசன் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“அண்ணாச்சி, டீச்சரு சொல்லது நடக்கும். ஒடம்பு எறுகிட்டு வருதுல்லா. ஒரு மூணு மணிக்கூறு அசையாம பிடிச்சிருந்தா கை அப்பிடியே நிண்ணுக்கிடும்.”

“அதுக்கு ஒரு கட்டு போட்டா அஞ்சு நிமிசத்துல தீந்துது.”

சிலுவைதாசன் இப்படிச் சொல்லிக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினார். டெல்சியின் விரலிடுக்கில் ஞானதாசனின் மணிக்கட்டு தெரிந்தது. வளையல் போட்டதுபோல் ஒரு வெளுத்த தழும்பு. அவர் அதைக் குனிந்து பார்த்தார்.  பிறகு மூன்றாவது துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு, பந்தல்காரனைத் திட்ட வெளியே போனார்.

பத்தரை மணிக்கு டெல்சிக்குத் தோள்பட்டை இற்றுப்போனது. உள்ளங்கையில் உணர்வே இல்லை. வந்தவர்கள் பன்னீர் தெளித்தார்கள், அழுதார்கள், டீச்சர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டு அதற்கும் கொஞ்சம் அழுதார்கள். வேளாங்கண்ணி மாற்றிக்கொள்ளக் கை நீட்டியபோது, “ராத்திரி பூரா நீங்க பிடிச்சிருந்தது போதும்” என்று டெல்சி மறுத்துவிட்டாள்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஸ்மிதா உள்ளே வந்தாள். வேளாங்கண்ணிதான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். தலைமாட்டில் நின்று கும்பிட்டாள். டெல்சியையும் அவள் பொத்தியிருந்த கைகளையும் பார்த்தாள். என்ன, ஏன் என்று கேட்கவில்லை. புரிந்துகொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.

“நவுருங்க டீச்சர். நான் பிடிக்கேன்.”

வேளாங்கண்ணிக்குக் கொடுக்காததை டெல்சி இவளுக்குக் கொடுத்தாள். கீழிருந்து ஸ்மிதாவின் விரல்கள் ஒவ்வொன்றாக ஏற, டெல்சியின் விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சுரூபம் இம்மி அசையவில்லை. டெல்சி அவள் காதருகில் குனிந்தாள்.

“மேடம், கட்டலாம்னு ஒப்பு போட்டது நானாக்கும். வாசிச்சிட்டுத்தான் போட்டேன்.”

“தெரியும். அந்தப் பேப்பரு ஃபைல்ல இருக்கு.”

“தெரிஞ்சுமா எங்கள நாலு தடவ கூப்பிட்டீங்க?”

“அப்பாவுக்கு எடம் வேணும்லா டீச்சர்.”

டெல்சி அழுதாள். அழுகை அப்பாவுக்காக வந்தது பாதி, இந்தப் பெண்ணின் மேல் பொங்கிய நன்றியில் வந்தது பாதி. இவள் அன்று பின்னறைக்குள் நுழையாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருந்தால் அப்பாவுக்கு இந்த இரண்டு வருடம் கிடையாது. இதைச் சொல்லவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்து அடுக்களைப் பக்கம் போனாள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கெட்டிலில் கட்டங்காப்பி வந்திருந்தது. டெல்சி கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கழுவி, பாதி ஊற்றி, எடுத்து வந்து ஸ்மிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்மிதா காப்பியைப் பார்த்துவிட்டு, எடுக்க வழியில்லாத தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“பொறவு குடிக்கேன், டீச்சர். கை ஒழியல்லியே.”

“நீங்க அனங்காண்டாம், அப்பிடியே இருங்க” என்றாள் டெல்சி. தம்ளரைத் தன் வாயருகே வைத்து ஊதினாள். இன்னொரு தடவை ஊதி, சூட்டைத் தன் கீழுதட்டில் தொட்டுப் பார்த்து, பிறகு மெல்ல ஸ்மிதாவின் வாயில் சரித்தாள்.