அழுகைக்கு ஒரு வெறுஞ்சீட்டு

எங்கள் ஊரில் யார் எதைச் செய்தாலும், அது எதைப் பார்த்துச் செய்தது என்பதற்கு நகராட்சியில் ஒரு சொல் வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். சாம்பாரானாலும் சரி, சண்டையானாலும் சரி. மொத்தம் பதினோரு சொற்கள். சாயல் என்றால் யாரும் வருத்தப்படுவதில்லை. தழுவல் என்றால் கொஞ்சம் பெருமைகூட. பிரதி வாங்கியவர்கள் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஈயடிச்சான் காப்பி என்றால் கவுன்டரிலேயே தகராறு.

"எதிர்வீட்டுக்காரிக்குச் சாயல், எனக்கு மட்டும் ஈயடிச்சானா? உங்க வீட்டு ரசம் எந்த லட்சணம்னு எனக்குத் தெரியாதா?"

பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு நாற்பத்தேழு வயதில் திரும்பி வந்தவன் நான். இரண்டு மொழிகளில் படித்தவன் என்று நகராட்சியில் இந்தச் சீட்டு ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். நான் திரும்பி வந்ததற்கே பிரதி என்றுதான் ஒட்டினார்கள். என் தெருவில் எனக்கு முன்னால் நான்கு பேர் அப்படித் திரும்பியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கோமளவல்லி என்ற பெண்மணி வந்தார். அவருடைய கணவர் தணிகாசலம், லாரி மெக்கானிக், காலையில் இறந்துபோயிருந்தார். அழுவதற்குச் சீட்டு வேண்டும் என்றார்.

"எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

"நாலு மணிக்கு சார்."

"இதுவரைக்கும் அழலையே?"

"சீட்டு இல்லாம எப்படி சார் அழறது? அடக்கிக்கிட்டுதான் இருக்கேன்."

நல்லது என்றேன். விண்ணப்பிக்கிறவர் எங்கள் முன்னால் செய்து காட்டக் கூடாது. காட்டிவிட்டால் அதுவே மூலமாகிவிடும். வீட்டில் செய்வது அதன் நகலாகிவிடும். அதனால் அவர்கள் சொல்லச் சொல்ல நான் செய்வேன். பக்கத்து மேஜை மஸ்தான் பாய் அது யாருடையது என்று கண்டுபிடிப்பார். முப்பத்தோரு வருட சர்வீஸ். ஊரில் நடந்த எதையும் அவர் மறந்ததில்லை.

கோமளவல்லி சொன்னபடி தரையில் உட்கார்ந்து, "என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டேன்.

"இது ஊரே அழறதும்மா," என்றார் பாய். "ஈயடிச்சான்."

"வார்த்தை ஒட்டிக்கிட்டு அழ மாட்டேன் பாய். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அவரு முன்னால ஒட்டு எதுவும் இல்லாம அழணும். வெறுஞ்சீட்டு குடுங்க."

வெறுஞ்சீட்டில் எந்தச் சொல்லும் இருக்காது. அதைக் கடைசியாகக் கொடுத்து ஒன்பது வருடமாகிறது.

அடுத்து, அவர் சொன்னபடி சத்தம் வராமல் அழுதேன். ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான் என்றார் பாய். சிரித்தேன். மில் தெரு காந்திமதி, ஆடி மாசம், வியாழக்கிழமை என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு பெயரும் தேதியும் இருந்தன. மணி மூன்றாகிவிட்டது. எனக்கு முழங்கால் வலித்தது.

"அழறதுல புதுசா என்னம்மா இருக்கப்போவுது? சாயலை வாங்கிக்கிட்டுப் போங்க. மெல்லிசாத்தான் ஒட்டுவோம்."

கோமளவல்லி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"நான் முந்திப் போயிருந்தா அவரு எப்படி அழுதிருப்பாரோ, அப்படி அழுதா?"

பாய் பேனாவை மூடி வைத்தார். "எப்படி அழுதிருப்பாரு?"

"அழவே மாட்டாரு. வந்தவங்களுக்கு டீ வந்துச்சா, டீ வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அப்புறம் சமையல்கட்டுக்குப் போயி ஒவ்வொரு டப்பாவா திறந்து பார்ப்பாரு. எதுல என்ன இருக்குன்னு அந்த மனுஷனுக்குத் தெரியாது. மிளகாத்தூள் டப்பா வந்ததும், கண்ணு எரியுதுன்னு சொல்லுவாரு. அதான் சாக்கு. அப்பதான் வரும்."

பாய்க்கு டீ வந்ததா என்று கேட்டேன். கோப்பு அலமாரியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆறாவது கதவில் எனக்கு வந்துவிட்டது. பாய் விரல்விட்டு வருடங்களை எண்ணிப் பார்த்தார்.

"இது யாரோடதும் இல்லை. அவரைப் பார்த்துன்னு எழுதணும்னா, அவரு என்னைக்கு அழுதாருன்னு தேதி போடணும். இது நடக்கவே இல்லையே."

நடக்காததைப் பார்த்துச் செய்வதற்கு எங்களிடம் சொல் கிடையாது. வெறுஞ்சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன். துக்க வீட்டுக்காரர் என்பதால், போய் வருகிறேன் என்று சொல்லாமல் ஆட்டோவில் ஏறிப் போனார்.

நாலே முக்காலுக்குப் பறைச் சத்தம் கேட்டது. சுடுகாட்டுக்கு எங்கள் அலுவலக வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பாடை வாசலில் நின்றது. தூக்கி வந்தவர்கள் அதை இறக்கி வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். தணிகாசலம் மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூக்கில் பஞ்சு இருந்ததால் குரல் அடைத்திருந்தது.

"மூணே முக்காலுக்கு ஆரம்பிச்சா. நல்லா அழுதா சார். மிளகாத்தூள் வரைக்கும் அப்படியே. எனக்கும் இப்ப வருது. அழலாமா?"

"அழலாம். ஆனா இப்ப பதிவு அவங்க பேர்ல இருக்கு," என்றேன். "நீங்க அழுதா, அவங்களைப் பார்த்து அழுத மாதிரி ஆயிடும். வார்த்தை ஒட்டணும்."

"ஒட்டுங்க சார். அவளைப் பார்த்துதான்னே எழுதிக்கோங்க. இருக்கறதுலயே மட்டமான வார்த்தையா இருந்தாலும் பரவாயில்லை."

மூலம் கோமளவல்லி, இன்று, மூன்றே முக்கால் மணி என்று பாய் பதிவேட்டில் எழுதினார். நான் நகல் என்ற சீட்டை எடுத்துப் பசை தடவினேன். அவர் நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. இடம் போதவில்லை. கன்னத்தில் ஒட்டினேன்.