மாமியார் பேரில் ஒரு வீடு

யுத்தம் வந்ததும் மதுரையில் அரிசிக்கு முன்னால் வாடகைதான் ஏறியது. இனி ஏற்றக் கூடாது, குடியிருப்பவரைக் காரணமில்லாமல் கிளப்பவும் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஆனால் வேறு வீடில்லாத சொந்தக்காரர் தானே குடிவருவதானால் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒரு விலக்கும் வைத்தது. அது போதாதா? சர்க்கார் தடுக்கில் நுழைந்தால் கைலாசநாதன் கோலத்தில் நுழைகிறவர். ஊருக்குள் அவருக்கு நாலு வீடு. கோரிப்பாளையத்து வீட்டை மட்டும் மாமியார் வாலாம்பாள் பேருக்குத் தானமாக எழுதி ரிஜிஸ்தர் செய்தார். அந்த அம்மாளுக்குச் சொந்த வீடு கிடையாது. உசிலம்பட்டியில் மகனோடு வாடகைக்கு இருந்தாள். அவள் குடிவர வேண்டும், வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று அவள் பேரிலேயே வாடகை அதிகாரியிடம் மனுவும் போட்டார்.

கோரிப்பாளையத்தில் குடியிருந்தவர் பசுபதி வாத்தியார். மனைவி ஜானுவுக்கு எட்டு மாதம். போய் இறங்கத் தாய்வீடும் இல்லை. வாத்தியார் சம்பளத்துக்கு மாட்டுக்கொட்டகைகூட அகப்படாத காலம். விசாரணையன்று அவர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்தார்.

வாடகை அதிகாரி வாலாம்பாளைக் கூப்பிட்டார். "என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி மருமகன் அவளை அழைத்து வந்திருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

"மாப்பிள்ளை குடுத்த வீட்டுக்கு நீங்க குடிவரப் போறீங்களாம்மா?"

வாலாம்பாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு, நானா? பொண்ணு குடுத்த எடத்துல ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சதில்லய்யா நான். அங்க போயி உலை வைக்க எம் மகன் என்ன செத்தா போயிட்டான்?"

கைலாசநாதன் இருமிப் பார்த்தார். "நீங்க சும்மா இருங்க மாப்ள" என்று அவரையும் அடக்கிவிட்டாள்.

அதிகாரி சிரிப்பை விழுங்கிக்கொண்டு மனுவைத் தள்ளுபடி செய்தார். "வாத்தியாரே, இனிமே வாடகைய இந்த அம்மாகிட்டக் குடுங்க. வீடு இப்ப இவங்களுது" என்றார். கைலாசநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரிஜிஸ்தர் ஆன தானத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது.

"எனக்கு எதுக்கு அது? எம் மக பேருக்கே எழுதிருவேன்" என்றாள் வாலாம்பாள்.

பசுபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடாத குறையாக வைகைப் பாலத்தைக் கடந்து வந்தார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டு ஜானு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"சாக்க அவுத்துரு ஜானு. நம்ம பிள்ளை இங்கதான் பொறக்கும்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப மொதல்ல சோத்துப்பானைய எடுங்க. காலையிலருந்து பசிக்குது எனக்கு."