அதிகமாகக் காட்டிய மீட்டர்

“கையெழுத்துப் போடும்மா. போட்டுட்டா இதோட முடிஞ்சிடும்.”

முடியப்போவது தன் வேலைதான் என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாதா என்ன? மேனேஜர் மேசைமேல் தள்ளிவிட்ட தாளில் ‘எனது கவனக்குறைவால்’ என்று தொடங்கி ஆறு வரி டைப் அடித்திருந்தது. அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக ஒரு பல்பு அணைந்தால்கூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். முந்தின நாள் கரண்ட் போனபோது, ஒரு மணி நேரம் தாங்கவேண்டிய யு.பி.எஸ். ஆறே நிமிஷத்தில் படுத்துவிட்டது. மெஷின் பாதியில் நின்றது. இருபத்தெட்டுப் பேர் மறுபடி வந்து கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

யு.பி.எஸ். பேட்டரிகளுக்கு ஏறும் சார்ஜைப் போன மாதம் குறைத்து வைத்தது அவள்தான். அதை அவள் மறைக்கவில்லை. பதிமூன்று புள்ளி ஆறு வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் மீட்டர் பதினாலு புள்ளி எட்டு காட்டியது, விட்டால் பேட்டரி வெந்துபோகும், அதனால் குறைத்தேன் என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியாயிற்று. வெளியிலிருந்து வந்த ஆள் தன் மீட்டரில் அளந்தால் பன்னிரண்டரைதான் இருக்கிறது, உனக்கு மட்டும் எப்படிக் கூடக் காட்டும் என்று மேனேஜர் ஹாலில் எல்லார் முன்னாலும் கேட்டார். அரைத் தூக்கத்தில் வேலை பார்க்கிறவள் என்று வேறு சேர்த்துக்கொண்டார். ரத்தம் எடுக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“மீட்டரைப் பாத்துட்டுப் போடறேன் சார்” என்றாள்.

சொந்த மீட்டர் கொண்டுவரக் கூடாது, ஆபீஸ் மீட்டரைத்தான் தொட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஸ்டோர்காரர் அதைக் கொண்டுவந்தார். அவள் இரண்டு ஒயரின் முனைகளையும் ஒட்டவைத்தாள். ‘பீப்’ என்றது. ஒயரில் குறையில்லை. புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கடிகாரத்துக்குப் போடும் செல் ஒன்றை அளந்தாள். ஒன்று புள்ளி ஏழு இரண்டு. புதுச் செல் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான். வேறு கம்பெனிப் பாக்கெட்டிலிருந்து மூன்று செல் எடுத்தாள். அவையும் அப்படியே.

நல்ல செல்லாக இருக்கும் என்றார் மேனேஜர்.

“நாலுமா சார்?”

பின்பக்கத் திருகைக் கழற்றினாள். உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரியின் முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. இந்த மாதிரி மீட்டரில் உள் பேட்டரி இளைத்தால், அளக்கிற அளவெல்லாம் கூடித் தெரியும். புதுசு ஒன்று கொடுங்கள் என்று கேட்டதற்கு ஸ்டோர்காரர் தயங்கினார். டிஸ்ப்ளேயில் பேட்டரி படம் வந்தால்தான் புதுசு கொடுக்க வேண்டும், சர்க்குலர் இருக்கிறது என்றார். பேட்டரி மாற்றி நாளாயிற்று என்று போன மாதம் அவள் கேட்டபோதும் இதையே சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருந்தார்.

“படம் எங்கண்ணே வரும்?”

“இடது மூலைல.”

இடது மூலையில் ஆபீஸ் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ‘உரிக்கக் கூடாது’ என்று அதன்மேலேயே அச்சடித்திருந்தது. அவள் நகத்தைக் கொடுத்து உரித்தாள். அடியில் பேட்டரி படம் கறுப்பாக நின்றது.

ஸ்டோர்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. மீட்டரின் முதுகில் ஒட்டலாம் என்றுதான் தான் சொன்னதாகவும், ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்த்ததும் தெரியவேண்டும், முன்னால் ஒட்டு என்றது சார்தான் என்றும் முணுமுணுத்தார். பிறகு யாரையும் கேட்காமல் புதுப் பேட்டரியை எடுத்து நீட்டினார். அவள் கிளிப்பை ரப்பரால் தேய்த்து, குறட்டால் லேசாக நெருக்கி, பேட்டரியை மாட்டி அதே செல்லை அளந்தாள். ஒன்று புள்ளி ஐந்து எட்டு. போன மாதம் இது பதிமூன்று புள்ளி ஆறு காட்டும்வரை அவள் குறைத்தது, நிஜத்தில் பன்னிரண்டரைக்கு இறங்கியிருக்கிறது.

“பாருங்க சார். முடியலை முடியலைன்னு இது தினம் சொல்லிட்டுதான் இருந்திருக்கு. அது வாயில நீங்க நம்பர் ஒட்டிட்டு, கவனக்குறைவுன்னு எங்கிட்ட கையெழுத்துக் கேக்கறீங்க.”

மேனேஜர் தாளை இழுத்து மடித்தார். நடந்தது நடந்துவிட்டது, மீட்டர் பழுது என்று போட்டு முடித்துக்கொள்ளலாம் என்றார்.

“நீங்களே எழுதுங்க. எழுதி ஹால்ல படிங்க.”

“நாளைக்குப் பாக்கலாம்மா.”

“என்னைத் திட்டறதை நாளைக்குன்னு தள்ளிப் போடலையே சார்.”

சொல்லிவிட்டு அவள் யு.பி.எஸ். அறைக்குப் போனாள். சார்ஜைச் சரியாகப் பதிமூன்று புள்ளி ஆறில் நிறுத்திவிட்டு வந்து ஹாலில் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கால் மணி கழித்து மேனேஜர் வந்தார். அதே தாளின் பின்பக்கத்தில் தன் கையால் எழுதியிருந்ததைச் சட்டைப் பித்தானுக்குச் சொல்வதுபோல் படித்தார்.

“இங்க கேக்கலை சார்” என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்களில் ஒருத்தி, கையில் ஊசியோடு.

சத்தமாக மறுபடி படித்தார். பேட்டரி இளைத்தது, அளவு கூடித் தெரிந்தது, எலக்ட்ரீஷியன்மேல் தவறில்லை. படித்துவிட்டுத் தாளை மடிக்கப் போனார்.

அவள் அருகே போய், தாளில் இரண்டு வரிகளுக்கு நடுவே விரலை வைத்துக் காட்டினாள்.

“நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்க சார். ஸ்டிக்கரை அங்க ஒட்டச் சொன்னது யாருங்கற வரி.”