பாசியைக் கிழித்த சக்கரம்

"பல்லைக் கடிச்சுக்கடா. ரெண்டே மணி நேரம், டாசன் வந்துரும்," என்றான் லெஸ்டர்.

பக்கத்து இருக்கையில் தம்பி கிளைவ் முனகினான். காலையில் ஓடைக்கரைச் சுரங்கத்தில் தங்கம் அலசும் இரும்புத் தொட்டி சரிந்து அவன் காலை நசுக்கியிருந்தது. காட்டுத்தீப் புகையில் ஹெலிகாப்டர் பறக்காது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவர் இருக்கும் டாசன் ஊருக்குப் போக, வட கனடாவின் யூக்கானில் இந்த ஓடைப்பாதை ஒன்றுதான் வழி.

இடுப்புயரச் சக்கரமும், சிக்கினால் மரத்தில் மாட்டித் தன்னையே இழுத்துக்கொள்ள முன்னால் இழுவைக் கம்பியுமாக லெஸ்டரின் வண்டி எங்கேயும் ஏறும். அந்தத் தலைக்கனம் அவனுக்கு நிறையவே உண்டு. போன ஜூலையில், கல் குலுக்கும் வளைவைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, பாசி மூடிய சமவெளியின் குறுக்கே நேராக ஓட்டிக் காட்டினான். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு வந்த வண்டிகள் எல்லாம் அவன் தடத்திலேயே போயின. இந்த ஆண்டு ஏப்ரலில், தரை உறைந்திருக்கும்போதே சுரங்கத்துக்குப் போன லெஸ்டர் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்போது அந்த இடத்தில் பாதையைக் காணோம். அவன் தடம் கறுப்புச் சேறாகப் பரந்து, பழைய கல்பாதையின் ஒரு பகுதியையும் விழுங்கிக் கிடந்தது.

"போயிருவோம்," என்று வண்டியைச் சேற்றில் இறக்கினான். பத்தடிக்குள் வண்டி கதவு வரை புதைந்தது. இழுவைக் கம்பியை மாட்டிய மரங்கள் எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தன.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டதும் பக்கத்துச் சுரங்கக்காரி நெட்டி புல்டோசரோடு புறப்பட்டாள். அது ஊர்ந்து வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கிளைவ் முனகுவதையும் நிறுத்தியிருந்தான்.

"என்ன தொரை, குறுக்கு வழி சுகமா இருக்கா?" என்றபடி நெட்டி சங்கிலியை மாட்டினாள். "அந்தப் பாசிதான்யா அடியில இருக்கற பனிக்குப் போத்தின கம்பளி. அதைக் கிழிச்சுட்ட. வெயில் பட்டு உருகிக்கிட்டே இருக்கு."

"நான் ஒரே ஒரு தடவைதான் போனேன் நெட்டி."

"ஆமா. உன் பின்னாடி வந்த அம்பது பேரும் அதையேதான் சொல்றாங்க."

புல்டோசர் வண்டியை இழுத்துச் சேற்றின் அந்தப் பக்கம் சேர்த்தது.

மருத்துவர் காலைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் நேரம் கடந்துவிட்டதால் பாதத்தில் உணர்வு திரும்பவில்லை. கிளைவ் அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் லெஸ்டருக்குத் தாங்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவன் தங்கம் அலசவில்லை. மரம் வெட்டிச் சேறு விழுங்கிய இடத்தில் வரிசையாக அடுக்கி, வளைவுக் கல்பாதையோடு சேர்த்துப் பாதை போட்டான். ஒருநாள் புது வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பச்சைச் சமவெளியைக் காட்டிச் சிரித்தான்.

"அண்ணே, இப்படியே நேரா விட்டா அஞ்சு நிமிஷம்தானே? ஒரு தடவைதானே?"

லெஸ்டர் கோடரியைக் கீழே வைத்தான்.

"எனக்கும் அஞ்சு நிமிஷம்தான் மிச்சமாச்சு. என் தம்பிக்கு ஒரு பாதம் போச்சு. எல்லாரும் போற பாதையை நம்ம சௌகரியத்துக்குக் கெடுத்தா, அந்தப் பாதைலதான் நம்ம வீட்டு ஆளையும் தூக்கிட்டுப் போகணும். வளைவு வழியாப் போ."

வண்டி வளைவுப் பக்கம் திரும்பி, கற்களில் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று.